மெழுகில் தோய்க்காத சுருள்

மார்ச் 4

எறும்புக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே இரண்டு வேளைச் சாப்பாடும் ஒரு வேளைத் திட்டும் தவறாமல் கிடைக்கின்றன, ஆகவே சுகத்துக்குக் குறைவில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கச் சொல். 'தேய்ச்சுட்டேன்' என்றால் நம்பாதே, மோந்து பார்.

போன வாரம் நீ வேலை செய்யும் கடையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாய். நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் கிடங்கு அலுவலகத்துத் தொலைபேசி பழசு. அதோடு உன் குரல் எப்படி என்று உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது நீ 'உள்ளேன்' என்றது வாத்தியார் காதில் விழாமல் பாதி வருஷம் நீ வரவே இல்லை என்று எழுதி வைத்தார்களே. இனிமேல் கடிதமே போடு. வயரிங் படத்தைத் தொலைபேசியில் வரைந்து காட்டவும் முடியாது.

விஷயம் கிட்டார்தான். முன்பெல்லாம் கண்ணாடி உடைந்தது போலக் கணீரென்று இருக்கும். இப்போது போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ பேசுவது போல இருக்கிறது. தந்தி மாற்றினேன், கேபிள் மாற்றினேன், சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பைக்கூட மாற்றிப் பார்த்தேன். தந்தியின் அதிர்வை வாங்குகிற பிக்கப்தான் போய்விட்டது என்று நினைக்கிறேன். இடியிடம் கேட்டால், "நல்லாத்தானேடா இருக்கு" என்கிறான். டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு என்ன தெரியும்? (இடி யாரென்று மறந்திருப்பாய். என் அறைத்தோழன். பகலில் என்னோடு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான், சனி ஞாயிறில் எங்கள் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறான். இரண்டையும் ஒரே கோபத்தோடு செய்வான்.)

நம் வீட்டின் முதல் பட்டதாரி நீ. எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுக் கிட்டார் கடையில் வேறு உட்கார்ந்திருக்கிறாய். இதற்கு ஒரு வழி சொல்.

அண்ணன்

—

மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

மோந்து பார்த்தேன். தேய்க்கவில்லை. நீ எழுதியதைப் படித்துக் காட்டியதும் சிரித்துக்கொண்டே தேய்த்துக்கொண்டாள். மற்றபடி இருவரும் சௌக்கியம்.

என் குரலைப் பற்றி நீ சொன்னது சரிதான். கடையிலும் இதே கதைதான். வருகிறவர்கள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "ரிப்பேர் பண்றவர் இல்லையா?" என்கிறார்கள். "நான்தான்" என்கிறேன். "அவர் எப்ப வருவார்?" என்கிறார்கள். முதலாளி உள்ளேயிருந்து, "அதான் சொல்றாங்கல்ல, அவங்கதான்!" என்று கத்த வேண்டியிருக்கிறது.

இப்போது உன் கிட்டார். அதில் இருக்கும் இரண்டு பிக்கப்பும் இரட்டைச் சுருள் வகை. ஒவ்வொன்றிலும் இரண்டு சுருள்கள், ஒன்றின் வால் மற்றதன் தலையில் சேர்ந்திருக்கும். தந்தி அதிர்வதை இரண்டும் சேர்ந்து வாங்குவதால் சத்தம் கனமாக வரும், இரைச்சல் அடங்கும். ஆனால் கூர்மை மழுங்கும். அதனால் வால்யூம் குமிழை மேலே இழுத்தால் ஒரு சுருள் தூங்கிவிடும்படி வயரிங்கை மாற்றியிருக்கிறேன். ஒற்றைச் சுருள் மட்டும் விழித்திருக்கும்போது சத்தம் மெலியும், ட்ரெபிள், அதாவது மேல்ஸ்தாயிச் சத்தம், பளிச்சென்று வரும், கொஞ்சம் இரைச்சலும் வரும். குமிழை அமுக்கினால் பழையபடி ஆகிவிடும். ஒரே கிட்டாரில் இரண்டு கிட்டார்.

அதே வகைப் பிக்கப் இரண்டோடு எல்லாவற்றையும் ஒரு புது முகத்தகட்டில் பொருத்திப் பார்சலில் அனுப்புகிறேன். எட்டுத் திருகைக் கழற்றிப் பழைய தகட்டை எடு. இதைப் போட்டு, கறுப்பு வயர் ஒன்று, வெள்ளை வயர் ஒன்று, இரண்டை மட்டும் ஈயம் வைத்துப் பற்றவை. போன முறை போல முழங்கையைச் சுட்டுக்கொள்ளாதே.

ஒரு சந்தேகம். ஆம்பில் ட்ரெபிள் குமிழை எத்தனையில் வைக்கிறாய்? எழுது.

தங்கை

—

ஏப்ரல் 10

எறும்புக்கு,

நலம், நலம். முழங்கை தப்பியது, கட்டைவிரல்தான் மாட்டிக்கொண்டது.

தகடு அருமை. குமிழை இழுத்ததும் போர்வை பாதி விலகியது. இன்னும் பாதி இருக்கிறது. அதையும் விலக்கிக் கொடு. ஆம்பைப் பற்றி ஏதோ கேட்டிருந்தாய், அதை விடு.

இங்கே பெட்டி தூக்குகிற புது ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் வாங்கியிருக்கிறார்கள். எல்லாம் ஊமை வண்டிகள். பழைய வண்டி பின்னால் வந்தால் பீப் பீப் என்று ஊரைக் கூட்டும். இவை பூனை போல வந்து முதுகில் நிற்கின்றன. நேற்று ஒன்று என் சட்டையை உரசிக்கொண்டு போனது. ஓட்டுகிறவன் புது ஆள். இறங்கி வந்து என்னையே முறைக்கிறான். நானும் விடவில்லை. "வண்டிக்கு வாய் இல்லன்னா நீயாவது கத்தக் கூடாதா?" என்று கேட்டேன். இடி என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டான். 'அந்த வண்டி கத்துற கத்துல எனக்குத் தலைவலியே வருது, உனக்கு இன்னும் கத்தணுமா' என்று கேலி வேறு. அவனுக்கு எதற்கெடுத்தாலும் தலைவலி.

இடிக்கு இப்போது ஒரு புது ஸ்டைல். பாட்டு ஆரம்பிக்கும் முன் குச்சியைத் தட்டி நாலு எண்ணுவானே, இப்போது தட்டுவதோடு என்னைப் பார்த்துத் தலையையும் நாலு தரம் ஆட்டுகிறான். பெருமாள் மாடு தோற்றது.

அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன் என்று சொல்.

அண்ணன்

—

ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவின் முழங்கால் தேவலை. எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. இருந்த குரலும் நாலு நாள் இல்லாமல் போய், அந்த வித்தியாசத்தைக் கடையில் ஒருவரும் கவனிக்கவில்லை.

இந்தத் தகட்டில் நாலு மாற்றம் செய்திருக்கிறேன். வால்யூம் கன்ட்ரோலை முன்பிருந்ததைவிட இரண்டு மடங்கு மதிப்புள்ளதாகப் போட்டிருக்கிறேன், ட்ரெபிள் எர்த் வயரில் வடிந்து வீணாவது குறையும். டோன் கன்ட்ரோலை வழியிலிருந்தே எடுத்துவிட்டேன், குமிழ் சும்மா அழகுக்கு. வால்யூமைக் குறைத்தாலும் கூர்மை போகாமலிருக்க ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். நாலாவது, ஒரு சின்ன சுவிட்ச்: அதைத் தள்ளினால் இரண்டு சுருள்களும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் பக்கம் பக்கமாக வேலை செய்யும். ஒற்றைச் சுருளின் கூர்மையும் கிடைக்கும், இரைச்சலும் வராது.

இவ்வளவு ட்ரெபிள் கேட்டு இதுவரை எங்கள் கடைக்கு யாரும் வந்ததில்லை. முதலாளி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா இது, வௌவாலுக்கா?" என்றார். "எங்கண்ணனுக்கு" என்றேன். "அதான் கேக்குறேன், அவரு மரத்துல தலைகீழாத் தொங்குவாரா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா, "எப்பப்பா வர்றே?" என்று கேட்டாளாம். நீ "சாப்ட்டேம்மா" என்றாயாம். மறுபடி கேட்டாளாம். "சரிம்மா, வச்சிடறேன்" என்றாயாம். இதை நான் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, நிறுத்திவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள்.

ட்ரெபிள் எத்தனை என்று நீ இன்னும் எழுதவில்லை.

தங்கை

—

ஜூன் 2

எறும்புக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை. உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருவருக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது.

அப்பாவை எதற்கு இழுக்கிறாள் அம்மா? அப்பா கதை வேறு. முப்பது வருஷம் ஆலைத் தறிக்குப் பக்கத்தில் நின்றார், காது போனது, ஆலைக்காரன் வீட்டுக்கு அனுப்பினான். நான் நிற்பது கிடங்கில். அங்கே தறி இல்லை. சனி ஞாயிறில் ஆம்புக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்பாய். பாட்டும் தறியும் ஒன்றா?

உன் தகடு பரவாயில்லை. வௌவால் என்று சொன்ன உன் முதலாளியை ஒரு நாள் வந்து எங்கள் குழுவைக் கேட்கச் சொல். ஆனால் எறும்பே, பிக்கப் பழைய வகையாகவே இருக்கும்போது வயரை மட்டும் மாற்றி என்ன பயன்? நீயே ஒரு பிக்கப் சுற்றிக் கொடு. உன் கையால். எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசான சத்தம் வேண்டும். இல்லையென்றால் இந்தக் குழுவில் நான் எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியாது. போன வாரம் ஒரு பாட்டு முழுக்க அரை சுருதி தள்ளி வாசித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பிடிக்கவில்லை.

ஊமை வண்டிக்காரன் திருந்தவில்லை. இந்த மாதத்தில் இரண்டு முறை.

அண்ணன்

—

ஜூன் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லாம் வழக்கம்போல. நீ அரை சுருதி என்று எழுதிய இடத்தை மட்டும் நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

சுற்றிவிட்டேன். ஒற்றைச் சுருள். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. விரலிடுக்கில் ஓடும்போது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, அறுந்த பிறகுதான் இருந்தது தெரியும். வழக்கமாக எண்ணாயிரம் சுற்று சுற்றுவோம். சுற்றுக் குறையக் குறைய சத்தம் மெலியும், கூர்மை ஏறும். உனக்கு ஆறாயிரத்தோடு நிறுத்தினேன். கை தவறிக் கெட்டால் இருக்கட்டும் என்று ஒரே மாதிரி இரண்டு சுற்றினேன். ஒன்று பார்சலில் வருகிறது, மற்றது என் மேஜையில் இருக்கிறது.

சுற்றும்போது அப்பா நினைவு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அப்பா எப்படிச் சிரிப்பார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? யாராவது ஏதாவது சொல்வார்கள், எல்லாரும் சிரிப்போம். அப்பா நம் முகங்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு சிரிப்பார். ஒரு மூச்சு தாமதமாக. அப்போது எனக்கு ஏழு வயது. நம் வீட்டிலேயே பெரிய சிந்தனையாளர் அப்பாதான், யோசித்துச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சும்மா எழுதினேன். பிக்கப்பைப் போட்டதும் எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

தங்கை

—

ஜூன் 23

அண்ணா,

அவசரமாக எழுதுகிறேன், குசலம் பிறகு.

அந்தப் பிக்கப்பைப் போடாதே. தப்பு செய்துவிட்டேன். சுருள் சுற்றி முடித்ததும் உருக்கிய மெழுகில் தோய்த்தெடுக்க வேண்டும். மெழுகு உள்ளே போய் இறுகினால்தான் கம்பிகள் அசையாமல் இருக்கும். தோய்க்காவிட்டால், ஆம்பில் சத்தம் கூட்டியதும் சுருளே நடுங்க ஆரம்பித்துக் கத்தும். அன்று மெழுகுப் பாத்திரம் சூடாகவில்லை. முதலில் பார்சலுக்கு அட்டைப்பெட்டி தேடலாம் என்று போனேன், திரும்பி வந்து அப்படியே வைத்துக் கட்டிவிட்டேன்.

இன்று முதலாளி என் மேஜையில் இருந்த மற்றதை எடுத்து ஒரு கிட்டாரில் மாட்டிப் பார்த்தார். ஆம்பைப் பாதிகூடத் திருப்பவில்லை. இரும்பு ஆணியால் கண்ணாடியைக் கீறுவது போல ஒரு கூச்சல். வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். எதிர்க்கடை நாய் ஊளையிட்டது. "பட்டம் வாங்குனா மட்டும் போதுமாம்மா, மெழுகும் வாங்கணும்" என்றார் முதலாளி. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மேடையில் போட்டால் மானம் போகும். திருப்பி அனுப்பு. தோய்த்துத் தருகிறேன்.

தங்கை

—

ஜூலை 15

எறும்புக்கு,

நீ வீணாகப் பயந்திருக்கிறாய். நான் நலம், உன் பிக்கப்பும் நலம்.

உன் அவசரக் கடிதம் வந்தபோது அதைப் போட்டு மூன்று நிகழ்ச்சி முடிந்துவிட்டது. ஒரு கூச்சலும் இல்லை. தேன் மாதிரி இருக்கிறது. மெழுகில் தோய்க்காததுதான் அதன் அழகோ என்னவோ, உன் முதலாளிக்குச் சொல். போன சனிக்கிழமை எழுந்து நின்று வாசித்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் காதில் கை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவு பலமாக வாசித்தோம். பாட்டு பாதியில் இருக்கும்போது இடி எழுந்து வந்து என் ஆம்பை அணைத்துவிட்டான். பொறாமை. பத்தில் இருந்த ட்ரெபிளை நாலுக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். அறைக்கு வந்தும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு நல்ல செய்தி. நானே கேட்டுப் பின்பக்க முற்றத்துக்கு மாற்றல் வாங்கிவிட்டேன். லாரியிலிருந்து பெரிய பெட்டிகளை இறக்கி அடுக்குகிற இடம். முன்பக்கத்தில் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே நிம்மதி. பெரிய வண்டிகள் நாள் முழுக்க முன்னும் பின்னும் போகின்றன, ஆனால் ஒரு சத்தம் கிடையாது. ஊமை வண்டிக்காரனும் இங்கேதான். இடியும் கேட்டு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டான். எங்கே போனாலும் எனக்கு நாலு அடி பின்னால் நடக்கிறான். நிழலுக்கு மீசை முளைத்த மாதிரி.

அம்மாவுக்கு என் அன்பு.

அண்ணன்

—

ஜூலை 21

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

அந்தப் பிக்கப் கத்தாமல் இருக்க முடியாது. நான் சுற்றியது, எனக்குத் தெரியும். அது கத்தியிருக்கிறது. முன்வரிசை காதைப் பொத்தியது அதனால்தான். இடி ஆம்பை அணைத்தது அதனால்தான். உனக்குக் கேட்கவில்லை.

வண்டிகள் ஊமை இல்லை அண்ணா.

மார்ச்சிலிருந்து நீ கேட்டதையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தேன். போர்வையை விலக்கு என்றாய், ஒரு சுருளைத் தூங்க வைத்தேன். இன்னும் கூர்மை என்றாய், டோனையே எடுத்தேன். இன்னும் மெலிசு என்றாய், ஆறாயிரத்தில் நிறுத்தினேன். கிட்டாரில் இதற்கு மேல் திறக்க ஒரு கதவும் இல்லை. மூடிக்கொண்டே வருவது கிட்டார் இல்லை. இது எனக்கு ஏப்ரலிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். வாயைத் திறந்து சொல்வதைவிட ஒரு கெப்பாசிட்டரைப் பற்றவைத்து அனுப்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.

காது டாக்டரைப் பார். அது நாளைக்கு. இன்றைக்கு, இந்தக் கடிதம் கிடைத்த இன்றைக்கே, அந்தப் பின் முற்றத்தை விட்டு வெளியே வா. முதுகுக்குப் பின்னால் வண்டி போகாத எந்த வேலையானாலும் சரி. கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ பதில் போடும்வரை அம்மாவிடம் சொல்லமாட்டேன்.

தங்கை

—

ஆகஸ்ட் 12

அண்ணா,

அம்மா நலம், நான் நலம். மூன்று வாரம் ஆகிறது. ஒரு வரி போதும். முற்றத்தில் இருக்கிறாயா, இல்லையா?

தங்கை

—

செப்டம்பர் 2

எறும்பே,

நான் நலம். அதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள்.

உன் கடிதம் அப்போதே கிடைத்தது. தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். இடி எடுத்துப் படித்துவிட்டான். அவன் குரல் கனமானது, நேரே நின்று பேசினால் எனக்கு இன்னும் கேட்கும். "உன் தங்கச்சி நாலு வரியில எழுதினதை நான் ஒரு வருஷமாச் சொல்லத் தெரியாம உன் பின்னாடியே சுத்திட்டிருக்கேன்டா" என்றான். அடுத்த மாதம் டாக்டரிடம் போகலாம் என்றேன். "இந்த மாசம்" என்றான். சரி, அடுத்த மாதம் முதல் வாரம் என்றேன்.

மூன்று வாரம் முன்னால், புதன்கிழமை காலை நான் குனிந்து பெட்டிச் சீட்டில் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். முகம் குப்புற விழுந்தேன். இடிதான் விளையாடுகிறான் என்று எழுந்து, திரும்புவதற்குள்ளேயே அவனைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன். கெட்ட வார்த்தை. அதைச் சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். அவன் வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் இருந்தான்.

மருத்துவமனையில் கிடக்கிறான், இன்னும் கண் திறக்கவில்லை. இருபத்தோரு நாள்.

வண்டியின் பின்பக்க விளக்கும் ஒலிப்பெட்டியும் தூணில் மோதி நொறுங்கிவிட்டன. வண்டி ஒலித்ததா என்று வண்டியைக் கேட்க முடியாது. ஒலித்தது என்று ஓட்டுநர், அதே ஊமை வண்டிக்காரன், சொல்கிறான். முற்றத்தில் வேறு யாரும் இல்லை. போலீஸ்காரர்கள் என்னைக் கேட்டார்கள். 'தெரியாது' என்பதுதான் உண்மை. ஆனால், 'பக்கத்துல நின்ன உனக்கு ஏன் தெரியாது?' என்று அடுத்த கேள்வி வரும். 'ஒலிக்கவில்லை' என்றேன். எழுதிக் கொண்டுவந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் விடவில்லை.

ஓட்டுநரின் மனைவி நேற்றுக் கிடங்கு வாசலில் வந்து நின்று என்னிடம் ஏதோ கேட்டாள். மெல்லிய குரல், உன் குரல் மாதிரி. என்ன கேட்டாள் என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. முதலில் போனது உன் குரல்தான், எறும்பே. போன வருஷம் வீட்டுக்கு வந்திருந்தபோது நீ எப்போதும்போலத்தான் பேசினாய். நான்தான் உன்னைக் கேலி செய்து தப்பித்துக்கொண்டேன். நீயும் உன்மேல்தான் தப்பு என்று நம்பிவிட்டாய். அப்பா போல நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். உன்னிடம் நான் எதையும் கேட்டுப் பழக்கமில்லை, கிட்டார் வயரைத் தவிர. ஜூலையில் நான் எழுதிய கடிதத்தை, பிக்கப் கத்தவில்லை என்று எழுதினேனே, அதை எரித்துவிடு. உன் கடிதங்களை நான் எரித்துவிட்டேன். பிக்கப்பின் ஜோடி உன் மேஜையில் இருந்தால் அதை மெழுகில் தோய்த்துவிடு. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. நீ யாரிடமும் எதையும் சொல்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அண்ணன்

—

செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம். உன் கடிதம் முழுவதையும் இந்த முறை விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். பிறகு எழுந்து எனக்குப் பெட்டி எடுத்து வைத்தாள். முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தை எரிக்கவில்லை. பிக்கப்பையும் தோய்க்கவில்லை. இரண்டும் பெட்டியில் இருக்கின்றன.

என் குரல்தான் முதலில் போனது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு இரண்டு வரி முன்னால் ஒருத்தி நிற்கிறாள். அவள் என்ன கேட்டாள் என்று உனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும். "அண்ணே, நெசமாவே சத்தம் வரலியா?" என்று கேட்டிருப்பாள். வேறு என்ன கேட்பாள்? நீ தலையை ஆட்டியிருக்கிறாய். எந்தப் பக்கம் ஆட்டினாய் என்று எழுதவில்லை.

இடி பிழைத்து எழுந்தால் முதலில் கேட்கப்போவதும் அந்த ஓட்டுநரைப் பற்றித்தான். இடியை எனக்கு நேரில் தெரியாது. உன் கடிதங்களில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். இறங்கி நேராக மருத்துவமனைக்கு, அங்கிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்கு. நீ உள்ளே போய் உண்மையைச் சொல். நான் வெளியே நிற்கிறேன், எவ்வளவு நேரமானாலும். நீ சொல்லிவிட்டு வந்தால், வேலை போனாலும் குழு போனாலும், உன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். நம் வீட்டில் இன்னொரு நாற்காலிக்கு இடம் இருக்கிறது. யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக உனக்கு எழுதிக் காட்டுவது என் பொறுப்பு.

நீ சொல்லாவிட்டால் நான் உள்ளே போவேன்.

'எறும்புக்கு எங்கே குரல் எழும்பும்' என்று நீ நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நேற்று மதியம் கடையில் யாரும் இல்லாதபோது எழுந்து நின்று, சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். "வண்டி ஒலிக்கலைன்னு சொன்னவர் என் அண்ணன். அவருக்குக் காது கேக்காது." முதல் முறை காற்றுதான் வந்தது. இரண்டாவது முறையும். மூன்றாவது முறை சொல்லி முடித்தபோது, தெருமுனையில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்த முதலாளி வேகமாக உள்ளே வந்து, "யாரும்மா இங்க கத்தினது?" என்று கேட்டார்.

எறும்பு